கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: ஒரு மரக்கோப்பையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளிடம், “உங்கள் வீட்டில் இருக்கிற மிகப் பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை பித்தளைப் படிக்கம் கொண்டு வந்தது. இன்னொன்று மூத்தம்மாவின் பாக்குவெட்டி. ஒரு மகன் பழைய றேடியோவின் குமிழ் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான். நானும் என் பங்குக்கு ஒரு மரக்கோப்பையைக் கொண்டு போனேன். பலா மரம். ஒரு சாண் அகலம். நோன்பு காலத்தில் பேரீச்சம்பழம் வைக்கிற கோப்பை. எங்கள் அப்பா கடைந்தது. (உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம்.) கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் அவருக்குச் சின்னக் கடைசல் பட்டறை ஒன்று இருந்தது. கட்டில் கால், மாடிப்படிக் கம்பு, தொட்டில் கம்பு, ரொட்டிக் கட்டை, இப்படியான வேலைகள். கோப்பை கடைவது வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் மட்டும்தான்.

எல்லாப் பிள்ளைகளும் கோப்பையின் உள்ளே பார்த்தார்கள். கடைசி வாங்கில் இருக்கிற ஒரு மகன் மட்டும் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்:

“சேர், இத எங்க புடிச்சிக் கடஞ்சாங்க?”

உண்மையைச் சொன்னால் எனக்குக் கேள்வியே முதலில் விளங்கவில்லை. அவனே விளக்கினான். அவனுடைய மாமா இரும்பு லேத்தில் வேலை செய்பவராம். லேத்தில் எதைச் சுற்றினாலும் ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்த பக்கத்தை உளியால் தொட முடியாது. அடியைப் பிடித்து உள்ளே குடைந்திருந்தால் அடியில் ஆணி ஓட்டையோ பிடித்த தழும்போ இருக்க வேண்டும். இந்தக் கோப்பையில் அது இல்லை. அடியும் வழுவழுப்பாக, நடுப்பக்கம் சற்றே உள்வாங்கி, வட்டமாகக் கடைந்திருக்கிறது. அப்படியென்றால் அடியைக் கடையும்போது கோப்பையை எதில் பிடித்தார்கள்? வாய்ப்பக்கத்திலா? அது மெல்லிய விளிம்பு, உள்ளே வெறும் குழி. அங்கே பிடிக்க என்ன இருக்கிறது?

வரலாறு படிப்பிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. “தேடிச் சொல்கிறேன் மகன்” என்றேன். தேடினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். காரணம் கண்ணுக்குத் தெரிவதுதான். மோர் கடையும்போது மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு நுனியையும் மாறி மாறி இழுக்கிறோம். மத்து அங்கும் இங்கும் சுழலும். ஆதிக் கடைசலும் இதுதான். மரத்தில் ஒரு வாரைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். எகிப்தில் பெத்தோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 அளவில் செதுக்கிய ஒரு காட்சி இருக்கிறது. இரண்டு பேர், நடுவில் சுழலும் ஒரு மரம், ஒருவர் கையில் வார், மற்றவர் கையில் உளி. கடைசல் வேலையைக் காட்டும் மிகப் பழைய படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மரம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்வதால், தன்னை நோக்கி வரும் சுற்றில் மட்டும் உளியைத் தொட வைத்து, திரும்பும் சுற்றில் சற்று விலக்க வேண்டும். நம் பக்கத்து நாடுகளில் வில்லையும் வாரையும் கொண்டு கடைகிறவர்கள் நேற்று வரைக்கும் இதே தாளத்தில்தான் வேலை செய்தார்கள்.

இந்த வேலையில் பிடிக்கிற முறை இரண்டு. ஒன்று, மரத்தின் இரண்டு நுனியையும் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்துவது. கட்டில் கால், படிக்கம்பு, தொட்டில் கம்பு எல்லாம் இந்த வகை. கெய்ரோ நகரத்துப் பழைய வீடுகளில் மஷ்ரபிய்யா என்று மரச் சாளரங்கள் உண்டு. பெண்கள் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னக் கடைசல் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தவை அவை. அதுவும் இரு முனைப் பிடிதான்.

நம் ஊரிலேயே பார்க்க வேண்டுமென்றால் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கிற ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் போகலாம். அல்லது கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கிற வுல்பெண்டல் தேவாலயத்துக்குப் போகலாம். 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் திறந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகள், மேசைகளின் கால்களைக் குனிந்து பாருங்கள். கருங்காலி போன்ற இரும்பு மாதிரியான மரங்களை எப்படிக் கடைந்திருக்கிறார்கள்! ஒல்லாந்தருக்கு வேண்டிய வடிவம், ஆனால் மரமும் பெரும்பாலும் கையும் இந்த ஊருடையவை. செய்தவர் பெயர் எந்தக் கதிரையிலும் இல்லை.

இரண்டாவது வகைதான் சிக்கல்: கோப்பை, சட்டி, மூடி, செப்பு. உள்ளே குடைய வேண்டியதால் வாய்ப்பக்கத்தில் எதிர் முனை வைக்க முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைக் குடைய வேண்டும். குடைந்து முடிந்ததும் பிடித்த பக்கம் மிச்சமாக நிற்கும். அந்தப் பக்கத்தைச் சரி செய்ய வேண்டுமென்றால் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தாக வேண்டும். உலகம் முழுவதும் கடைசல்காரர்கள் இந்த ஒரு கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் தேடியிருக்கிறார்கள்.

மிகப் பழைய பதில், கவிழ்க்காமலே விடுவது! இங்கிலாந்தில் யோர்க் நகரத்தில் கொப்பர்கேட் என்று ஒரு தெரு. கோப்பை செய்வோர் தெரு என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். (நம் பக்கத்தில் சில்வர்ஸ்மித் வீதி, பிராஸ் பவுண்டர் வீதி என்று தொழிலின் பெயரில் தெருக்கள் இருப்பது போல.) அங்கே 1976 முதல் 1981 வரை மண்ணைத் தோண்டியபோது, ஆயிரம் வருடத்துக்கு முந்திய மரக்கோப்பைகளோடு கூம்பு மாதிரியான மரத்துண்டுகளும் வெளியே வந்தன. அவை கோப்பையின் வயிற்றில் இருந்த கட்டைகள். அதாவது கோப்பைக்குள் நடுவே ஒரு தூண் மாதிரி மரத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றிலும் குடைவார்கள். அந்தத் தூண்தான் பிடி. அடிப்பக்கத்தை எதிர் முனை தாங்கும். உள்ளும் வெளியும் ஒரே பிடியில் முடிந்துவிடும். கடைசியில் தூணை முறித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் அடியில் நிற்கும் சின்னக் குமிழையும் கத்தியால் சீவி விடுவார்கள். இதே முறையில் கடைந்த ஜோர்ஜ் லெய்லி என்பவர் இங்கிலாந்தின் பக்கிள்பரியில் 1958 வரை வாழ்ந்தார். ஒரே மரக்கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கோப்பைகளை எடுக்கிறவர். அவருடைய காலால் மிதிக்கிற கடைசல் இப்போது ரெடிங் நகரத்து நூதனசாலையில் இருக்கிறது.

அடுத்த பதில், அடியில் கூரான நகங்களைக் குத்திப் பிடிப்பது. இதற்கு யப்பானில் மறக்க முடியாத ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. 764 இல் ஒரு கலகம் அடங்கிய பிறகு, ஷோதொக்கு பேரரசி பத்து இலட்சம் சின்ன மரக் கோபுரங்கள் செய்யச் சொல்லி ஆணையிட்டார். 770 அளவில் முடிந்தது. ஒவ்வொன்றும் சுமார் 21 சென்ரிமீற்றர் உயரம், கடைசலில் கடைந்தது. உள்ளே அச்சடித்த ஒரு சின்ன மந்திரத் தாள். உலகத்தில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய அச்சுத் தாள்களில் அவையும் சேரும். பத்துக் கோயில்களுக்கு ஆளுக்கு ஒரு இலட்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹோர்யூஜி என்ற ஒரு கோயிலில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.

ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிய வந்தன. ஒன்று, கடைசல் நகம் குத்திய தழும்புகள். எத்தனை நகம், எப்படி அமைந்தது என்பதை வைத்து எந்தெந்தக் கடைசலில் செய்தது என்று வகை பிரிக்க முடிந்தது. இரண்டாவது, மை எழுத்து. செய்த திகதியும் செய்தவனின் பெயரும்! பேரரசியின் கட்டளையில் செய்த பொருளின் வெளிப்பக்கத்தில் கூலிக்காரன் தன் பெயரை எழுத முடியாது. கண்ணுக்குத் தெரியாத அடியில் எழுதியிருக்கிறான். 1,250 வருடம் கழிந்த பிறகும் அந்தப் பெயரை வாசிக்கலாம்.

இனி நம் தீவுக்கு வருவோம். இங்கே கடைசலும் அரக்கும் ஒன்றாகப் போகிற தொழில். இதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அவர் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராகக் கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர். போன இடத்தில் கைவினைஞர்களைப் பார்த்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908 இல் வெளிவந்தது. 425 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். அதில் கடைசல்காரர்களும் அரக்கு வேலைக்காரர்களும் வருகிறார்கள். அவர்களுடைய சிங்களப் பெயர் ‘ஈ வடுவோ’, அதாவது அம்பு செய்கிற தச்சர். ஒரு காலத்தில் அரசனுடைய படைக்கு அம்பும் ஈட்டிக் காம்பும் கடைந்தவர்கள், போர் இல்லாத காலத்தில் கைத்தடியும் விசிறிப் பிடியும் செப்பும் கடைந்தார்கள் என்று அந்தப் பெயரிலிருந்தே விளங்குகிறது.

சுழன்றுகொண்டிருக்கிற மரத்தின்மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். தெற்கே அங்கல்மடுவவில் இந்தக் கடைசல் அரக்கு வேலை இன்னும் நடக்கிறது. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடவில் அரக்கை நூலாக இழுத்து நகத்தாலேயே கிள்ளி ஒட்டுகிற வேலை. இந்தியாவில் சென்னபட்டணத்திலும் கடைசல் அரக்குத்தான். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அங்கே இன்றும் முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் இருக்கின்றன. அரக்கைப் பளபளப்பாக்க அவர்கள் பாவிப்பது காய்ந்த தாழை மடல்.

அரக்கு அழகுக்கு மட்டுமல்ல, பிடிக்கவும் உதவும். செட்டியார் தெருவில் நகை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தங்க நகையைக் கையால் பிடித்துச் செதுக்கினால் நசுங்கிவிடும். சூடாக்கிய அரக்கில் பதித்து, ஆறிய பிறகு வேலை செய்வார்கள். முடிந்ததும் மறுபடி சூடாக்கினால் கழன்றுவிடும். கடிகாரம் திருத்துகிறவர்களும் சின்னப் பல்சக்கரத்தை லேத்தில் அரக்கால் ஒட்டித்தான் கடைந்தார்கள்.

பேருவளைப் பக்கத்து நம் ஆட்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் மாணிக்கக் கல். கல்லை ஒரு குச்சியில் அரக்கால் ஒட்டி, வில்லால் சுழற்றுகிற பழைய பட்டறையில் ஒரு பக்கத்தைத் தீட்டுவார்கள். அது முடிந்ததும் கல்லைக் கழற்றி, தீட்டிய பக்கம் குச்சிக்குள் போகும்படி திருப்பி ஒட்டி, மற்றப் பக்கத்தைத் தீட்ட வேண்டும். திருப்பி ஒட்டும்போது ஒரு நூல் சரிந்தாலும் இரண்டு பக்கமும் பொருந்தாது. கல்லின் விலையே போய்விடும். கோப்பையைக் கவிழ்த்துப் பிடிப்பதும் இதே வேலைதான். கல்லை ஒட்டலாம், மெல்லிய விளிம்புள்ள கோப்பையை என்ன செய்வது?

இங்கேதான் பட்டறைகளில் ஆளாளுக்குக் கண்டுபிடித்த கைமுறைகள் வருகின்றன. நான் வாசித்ததையும் நேரில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, கோப்பைக்கு ஒரு தாய் செய்வது. வீணாய்ப் போன ஒரு மரக்கட்டையை லேத்தில் பூட்டி, அதன் முகத்தில் கோப்பையின் விளிம்பு சரியாகப் போய் இறுகும்படி ஒரு பள்ளம் கடைவார்கள். பள்ளம் மிக மெல்லிய சரிவாக இருக்க வேண்டும். போத்தலில் தக்கை இறுகுவது மாதிரி. சற்றுத் தளர்ந்தால் ஈரக் கடதாசியோ துணியோ வைத்து இறுக்குவார்கள். ஆனால் இதில் ஒரு சங்கடம். மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்காது. அதனால் இன்று வட்டமாகக் கடைந்த கோப்பையின் வாய் அடுத்த மாதம் முட்டை வடிவமாகிவிடும். வட்டப் பள்ளத்துக்குள் அது போகாது. ஆகவே கடைந்த கையோடு கவிழ்த்து முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, கடதாசி ஒட்டு. கோப்பையின் அடியில் ஒரு மரத்தட்டை ஒட்டி, அந்தத் தட்டைத்தான் லேத்தில் பிடிப்பார்கள். ஒட்டும்போது நடுவில் ஒரு கடதாசியை வைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கடதாசி இரண்டாகப் பிளந்து கோப்பை தனியே வரும். கவிழ்க்க வேண்டிய தேவையே இல்லை. பசையைச் சுரண்டினால் போதும். ஆனால் அடி தட்டையாகத்தான் இருக்கும், உள்வாங்கி இருக்காது.

மூன்றாவது, மெத்தையும் முனையும். கோப்பையின் உள்வயிற்றுக்குப் பொருத்தமாக உருண்டையான ஒரு கட்டையைச் சுழலும் பக்கத்தில் பூட்டி, அதன்மேல் துணியோ றபரோ ஒட்டுவார்கள். கோப்பையைத் தொப்பி போடுவது போல அதன்மேல் கவிழ்த்து, அடியின் நடுவில் எதிர் முனையால் அழுத்துவார்கள். அந்த அழுத்தமும் றபரின் உராய்வும் சேர்ந்து கோப்பையைச் சுற்றும். விளிம்பை எதுவும் பிடிக்காததால் வாய் கோணியிருந்தாலும் கவலையில்லை. முழு அடியையும் கடையலாம், முனை தொடுகிற நடு இடத்தைத் தவிர. அங்கே ஒரு சின்னக் குமிழ் மிஞ்சும். கழற்றிய பிறகு அதை உளியால் சீவி விடுவார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் நாள் மரத்தைப் பூட்டும்போது எந்தப் புள்ளியில் முனை குத்தியதோ, அதே புள்ளியில் கடைசி நாளும் குத்த வேண்டும். அந்தப் புள்ளியை அழித்துவிட்டவன் கோப்பையை மறுபடி நடுவாக நிறுத்த மிகவும் கஷ்டப்படுவான்.

நான்காவது, பெரிய தட்டுகள். விளிம்பைச் சுற்றிவர றபர் முளைகளால் பிடிக்கிற தட்டு இப்போது கடையில் வாங்கலாம். வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு பலகைத் தட்டுகளுக்கு நடுவே கோப்பையை வைத்து, சுற்றிவர ஆணி போட்டு முறுக்குவார்கள். மேல் தட்டின் நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். கோப்பையின் அடி அதன் வழியாக வெளியே தெரியும்.

ஐந்தாவது, காற்று. றபர் விளிம்புள்ள ஒரு கிண்ணத்தின்மேல் கோப்பையைக் கவிழ்த்து, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பியால் இழுத்துவிட்டால், வெளிக் காற்றே கோப்பையை அழுத்திப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 177 சதுர சென்ரிமீற்றர் அளவில் வரும். முக்கால்வாசிக் காற்றை இழுத்தாலும் 130 கிலோவுக்கு மேல் பிடி! இரண்டு பேர் கோப்பையின்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஆனால் மரம் துவாரமுள்ளதாக இருந்தால் காற்றுக் கசியும். கோப்பை மிக மெல்லியதாக இருந்தால் நொறுங்கியே போகும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும், எங்கள் அப்பா எதைச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு, வெள்ளவத்தையில் பஸ் ஏறி மொறட்டுவைக்குப் போனேன். அங்கே வயதான ஒரு கடைசல் பாஸ், எனக்குப் பழக்கமானவர். கோப்பையைக் கையில் கொடுத்தேன். அவர் உள்ளே பார்க்கவே இல்லை. முதல் வேலையாகக் கவிழ்த்தார். பெருவிரலால் அடியின் நடுவை இரண்டு தரம் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

அடி முழுவதும் மெல்லிய வட்டக் கோடுகள். ஆனால் சரியாக நடுவில், ஐந்து சத நாணயத்தை விடச் சின்ன ஒரு இடத்தில், வட்டக் கோடு இல்லை. ஒரே பக்கமாகச் சீவிய நேர்க் கோடுகள். கையால் உளி போட்ட அடையாளம். இத்தனை வருடமாக வீட்டில் இருக்கிற கோப்பையில் அதை நான் பார்த்ததே இல்லை.

மெத்தையும் முனையும்தான் என்றார் பாஸ். வாயை அளந்து பார்த்தார். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடச் சில மில்லிமீற்றர் கூட. கடைந்து வைத்துக் காய விட்டு, கோணிய பிறகுதான் அடியை முடித்திருக்கிறார். அதனால்தான் பள்ளத்தில் இறுக்கவில்லை என்று விளக்கினார். பிறகு செய்தும் காட்டினார். மூலையில் கிடந்த ஒரு கட்டையை லேத்தில் பூட்டி உருண்டையாக்கினார். பழைய பாட்டா செருப்பு ஒன்றை வெட்டி அதன்மேல் ஒட்டினார். தன்னுடைய கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, முனையால் அழுத்தி, ஓட விட்டார். என்னை நேரெதிரே நிற்க வேண்டாம், பக்கத்துக்கு வா என்றார். கழன்றால் நேரே முகத்துக்குத்தான் வருமாம். பத்து நிமிடத்தில் அடி முடிந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கோப்பையை அல்ல. அவருடைய சுவரில் ஒரு நீளத் தட்டு. அதில் வரிசையாக இருபது, முப்பது மரக்கட்டைகள். சிலவற்றில் வட்டப் பள்ளம், சில மொட்டைத் தலை மாதிரி உருண்டை, சிலவற்றில் ஒட்டிய துணி, சிலவற்றில் செருப்பு றபர். எல்லாம் அவர் இத்தனை வருடத்தில் ஒவ்வொரு கோப்பைக்காகச் செய்து வைத்தவை. அடுத்த தடவை அதே அளவில் கோப்பை வந்தால் உதவும் என்று எறியாமல் வைத்திருக்கிறார்.

அந்தக் கட்டைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அப்பா வபாத்தான பிறகு கொட்டாஞ்சேனைப் பட்டறையைக் காலி செய்து வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம். அப்போது எனக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். பட்டறையைத் துப்புரவாக்கியது நான்தான். உளிகளை ஒரு ஓடாவி வாங்கிக்கொண்டார். மோட்டாரும் விலை போனது. ஒரு பெரிய சாக்கு நிறைய இப்படியான கட்டைகள் மிஞ்சின. பள்ளம் போட்டவை, உருண்டையானவை, துணி ஒட்டியவை. அரைகுறையாக விட்ட வேலை என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. கிடாரம் வைத்துச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கை அப்படியே தூக்கிக் கொண்டு போய் அடுப்புக்குக் கொடுத்தேன். நன்றாக எரிந்தது என்று சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அது ஒரு ஸதகா செய்த திருப்தி.

அந்த மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சாக்குக்குள் இருந்தது. என்னென்ன அளவில் கோப்பை கடைந்தார், எதைப் பள்ளத்தில் இறுக்கினார், எதை மெத்தையில் வைத்தார், யாரிடம் பழகினார் என்பதற்குக்கூட ஒரு துப்புக் கிடைத்திருக்கும். வரலாறு படிப்பிக்கிறவன் தன் கையாலேயே எரித்தது இது.

நம் சமூகத்தின் பெருமை பேசும்போது வாப்பிச்சி மரிக்காரைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். 1877 ஜனவரி முதலாந் திகதி திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்கும்படி கேட்டார் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிற கதை. கட்டியவரின் பெயர் நிலைத்தது. அவருக்குக் கீழே கல் சுமந்தவர், கதவு இழைத்தவர், கம்பு கடைந்தவர் பெயர் இல்லை. நூதனசாலைக்குள்ளும் பொருட்களெல்லாம் நிமிர்ந்துதான் நிற்கின்றன. அடிப்பக்கம் கண்ணாடிக்குக் கீழே மறைந்திருக்கிறது. கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

போன கிழமை பாடசாலையில் அந்த மகனிடம் பதிலைச் சொன்னேன். சாக்குக் கதையையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் மறுபடி கோப்பையைக் கவிழ்த்து, நடுவிலிருக்கிற சீவிய இடத்தைத் தடவிப் பார்த்தான். மற்றப் பிள்ளைகளும் வரிசையாக வந்து தடவினார்கள். பிறகு யப்பான் கோபுரத்துக் கதையைக் கேட்ட ஒரு மகள், “அப்ப சேர், இதுலயும் பேர் எழுதலாம்தானே?” என்றாள்.

எழுதினோம். பென்சிலால், அடியில், சின்னதாக. அப்பாவின் பெயர், பலா மரம், கொட்டாஞ்சேனை.

உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டில் பழைய மரச் சாமான் இருந்தால், செப்போ, மூடியோ, றொட்டிக் கட்டையோ, கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தழும்பு இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, வட்டக் கோடா, நேர்க் கோடா என்று கவனியுங்கள். செய்தவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் பென்சிலால் அடியில் எழுதி வையுங்கள். உங்கள் குடும்பத்தில் தச்சு வேலை, கடைசல் வேலை, கல் தீட்டுகிற வேலை செய்தவர்கள் யாராவது இருந்து, அவர்களுடைய சாமான்களைக் காலி செய்யப் போகிறீர்கள் என்றால், எதற்கென்று விளங்காத கட்டைகளைத்தான் முதலில் எடுத்து வையுங்கள். எறிவதற்கு முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.